நாய், பூனை போர்டிங்கில் வேலை பழக வரும் பிள்ளைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளியூர் போகிற குடும்பங்கள் தங்கள் நாயையும் பூனையையும் சில நாள் விட்டுவிட்டுப் போகும் சின்ன போர்டிங் எங்களுடையது. பெரம்பூர், கொளத்தூர், மாதவரம் பக்கத்து வீடுகளில் இருந்துதான் பெரும்பாலும் வருகிறார்கள். இங்கே வேலை பழக வரும் இளைஞர்களைப் பற்றி மூன்று தரப்பினர் கேட்கிறார்கள்: பிள்ளையை அனுப்பலாமா என்று யோசிக்கும் பெற்றோர், வேலை கேட்டு வரும் பிள்ளைகள், எங்களைப் போலவே போர்டிங் நடத்துகிறவர்கள். மூவருக்கும் சேர்த்தே இந்தப் பதில்கள்.

எந்த வயதுப் பிள்ளைகளைச் சேர்க்கலாம்?

18 முடிந்த பிறகுதான். 14 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைப்பதை 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தடுக்கிறது. 2016இல் வந்த திருத்தம், 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை ஆபத்தான தொழில்களில் வைக்கக் கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் நம் தொழில் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். கடிபடும் வாய்ப்பும் ராத்திரிக் காவலும் உள்ள வேலை இது, அதை வைத்தே முடிவு செய்யலாம். பிளஸ் டூ படிக்கிற பையன் ஆசைப்பட்டு வந்தால் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். அவனிடம் வேலை வாங்கக் கூடாது.

நாய் என்றால் உயிர் என்கிறான் என் பையன். அது போதுமா?

ஆசை வேண்டும், ஆனால் அதை மட்டும் வைத்து நாங்கள் யாரையும் எடுப்பதில்லை. நாயைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கிற பிள்ளையைவிட, இரண்டடி தள்ளி நின்று அது என்ன செய்கிறது என்று பார்க்கிற பிள்ளைக்கு இந்த வேலை சீக்கிரம் கைவரும்.

வடசென்னையில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. வியாசர்பாடி, புளியந்தோப்பு, ராயபுரம் மொட்டைமாடிகளில் புறா வளர்த்துப் பழகிய பையன்களைப் பாருங்கள். கூண்டைத் திறந்ததும் எந்தப் புறா தீனிக்கு வரவில்லை, எது இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்கள். காசிமேட்டில் மீனின் கண்ணையும் செவுளையும் பார்த்துத் தரம் பிரித்த வீட்டுப் பெண் வந்தாலும் அதே கதைதான். படிப்பு பாதியில் நின்றவர்கள் என்று ஊர் இவர்களை ஒதுக்குகிறது. இந்தத் தொழிலுக்கு வேண்டிய முதல் படிப்பை அவர்கள் முடித்துவிட்டே வருகிறார்கள் என்பது என் உறுதியான நம்பிக்கை.

சேர்ப்பதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை வைப்போம். ஒரு நாயின் கூண்டுக்கு எதிரே அரை மணி நேரம் உட்காரச் சொல்லி, பார்த்ததைச் சொல்லச் சொல்வோம். ‘நல்ல நாய்க்கா, சூப்பரா இருக்கு’ என்றால் இன்னொரு தடவை உட்கார வேண்டும். ‘வலது பின்னங்காலை ஊன்றாமல் எழுந்தது, தண்ணியை மோந்து பார்த்துட்டுக் குடிக்கலை’ என்று சொன்னால் மறுநாளே வரச் சொல்லிவிடுவோம்.

முதல் வாரத்தில் என்ன கற்றுக்கொடுப்பீர்கள்?

தொடாமல் இருப்பதை. முதல் வாரம் எந்த விலங்கையும் தூக்கக் கூடாது, செயின் பிடிக்கக் கூடாது. பாத்திரம் கழுவலாம், தரை கூட்டலாம், அண்ணனோ அக்காவோ வேலை செய்யும்போது பக்கத்தில் நிற்கலாம். மீதி நேரமெல்லாம் நோட்டும் பேனாவும்.

ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு பக்கம். எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, எவ்வளவு மிச்சம் வைத்தது, தண்ணீர் குறைந்ததா, மூத்திரம் போனதா, மலம் எப்படி இருந்தது, வாந்தி உண்டா. மலத்தைப் பற்றி எழுதச் சொன்னால் முதலில் கூச்சப்படுவார்கள். எழுதித்தான் ஆக வேண்டும். கெட்டியா, கூழா, தண்ணியா, சளி கலந்ததா, ரத்தம் தெரிந்ததா, புழு இருந்ததா? பார்வோ என்ற குடல் வைரஸ் நோய் வந்த நாய்க்குட்டி ரத்தப்பேதிக்கு முந்தியே சோறு வேண்டாம் என்று சுருண்டு படுக்கும். அந்தச் சில மணி நேரத்தில் டாக்டரிடம் போனால் பிழைக்கும் வாய்ப்பு கூடும். அந்த நேரத்தை நமக்குக் கொடுக்கப்போவது நோட்டில் எழுதிய ‘காலையில் சாப்பிடவில்லை’ என்ற ஒரு வரிதான்.

எழுதப் படிக்கச் சிரமப்படுகிற பிள்ளை என்றால் செல்போனில் பேசிப் பதிவு செய்யச் சொல்லுங்கள், போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். கையெழுத்துக்காக நல்ல கண்ணை இழக்க வேண்டாம்.

நாயைக் கையில் பிடிக்க எப்போது விடுவீர்கள்?

நாயின் உடம்பு பேசுவதை அவன் சரியாக வாசிக்க ஆரம்பித்த பிறகு. வாலாட்டினால் பாசம் என்றுதான் எல்லாப் பிள்ளைகளும் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். உடம்பு முழுக்க நெளிய, தளர்வாக ஆடும் வால் வேறு. விறைத்து மேலே நின்று சின்னதாக அதிரும் வால் வேறு. தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி, ஒன்றும் தின்னாமலே உதட்டை நக்குவது, தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரமாக ஓட்டி வெள்ளை விழி தெரியப் பார்ப்பது, எல்லாமே ‘கிட்டே வராதே’ என்பதுதான்.

உறுமுகிற நாயை அதட்டக் கூடாது என்பதை மட்டும் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லுங்கள். உறுமல் என்பது அது நமக்குக் கொடுக்கும் எச்சரிக்கை. அடித்து அதை நிறுத்தினால் பயம் போகாது, எச்சரிக்கைதான் போகும். அப்புறம் அந்த நாய் சத்தமில்லாமல் கடிக்கும். உறுமினால் பக்கவாட்டில் திரும்பி, கண்ணைப் பார்க்காமல், மெதுவாகப் பின்வாங்கி, வந்து எங்களிடம் சொல்ல வேண்டும். பயந்துவிட்டான் என்று யாரும் கேலி செய்யக் கூடாது. கேலி செய்கிற சீனியரை நான் தனியாகக் கூப்பிட்டுப் பேசிவிடுவேன்.

அடுத்தது கதவு. போர்டிங்கில் நடக்கும் விபத்துகளில் நான் அதிகம் அஞ்சுவது நாய் வெளியே ஓடிவிடுவதைத்தான். புது இடம், பழக்கமில்லாத குரல். கிடைத்த சந்தில் தன் வீட்டைத் தேடி ஓடும். மணலி, எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரி ஓடும் சாலைகள் இருக்கிற ஊர் இது. அதனால் இரட்டைக் கதவு வேண்டும். உள்கதவைப் பூட்டிக் கையால் இழுத்துப் பார்த்த பிறகே வெளிக்கதவு. கழுத்துப் பெல்ட்டுக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும், தலை கழன்று வரக் கூடாது. புதிதாக வந்த நாயை வெளியே நடத்தினால் கழுத்துப் பெல்ட்டில் ஒரு கயிறு, மார்புப் பட்டையில் இன்னொரு கயிறு. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. ராட்வைலர் ஒரு இழுப்பு இழுத்தால் விரல் முறியும்.

தெருநாய்கள் எந்த முனையில் படுத்திருக்கும், யார் எத்தனை மணிக்கு அவற்றுக்குச் சோறு வைப்பார்கள் என்பதைப் பிள்ளைகளே நமக்குச் சொல்லித் தருவார்கள். அதைக் கேட்டு நடைபாதையை மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டு நாய்கள் சண்டை போட்டால் நடுவே கைவிடக் கூடாது. வாளித் தண்ணீரை ஊற்றலாம், நடுவில் ஒரு ப்ளைவுட் பலகையைச் செருகலாம். அதற்கு முன்னால் சண்டைக்கு இடமே கொடுக்காமல் சோற்றுத் தட்டைத் தனித்தனி அறையில் வைத்துவிடலாம்.

கடித்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

இதை முதல் நாளே சொல்லி, செய்தும் காட்டிவிடுகிறோம். குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தே கழுவ வேண்டும், நம் மனக்கணக்கில் 15 நிமிடம் என்பது மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள், மிளகாய்த்தூள் எதுவும் வைக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி. நம் பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் ரேபிஸ் என்ற வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசிக்குக் காசு இல்லை.

தோலில் போடும் முறையில் முதல் நாள், 3, 7, 28ஆம் நாள் என்று ஊசி. ரத்தம் வந்த கடி என்றால், வைரஸை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் மருந்தையும் காயத்தைச் சுற்றிப் போடுவார்கள். ‘நம்ம போர்டிங் நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே’ என்று விட்டுவிடக் கூடாது. ரேபிஸ் நோயின் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் காப்பாற்ற வழியே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். பூனை கீறினாலும், கடித்தாலும் இதேதான்.

வேலையில் சேரும்போதே முன்கூட்டியே போடும் ரேபிஸ் ஊசியைப் போட்டுவிடுங்கள்: முதல் நாள், 7ஆம் நாள், பிறகு 21 அல்லது 28ஆம் நாள். செலவு நம்முடையது, பிள்ளையிடம் கேட்கக் கூடாது. அதைப் போட்டவருக்குப் பின்னால் கடிபட்டாலும் இரண்டு ஊசியோடு முடிந்துவிடும், இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. டெட்டனஸ் ஊசியும் போட்டிருக்க வேண்டும். இதற்குப் பணம் இல்லை என்கிறவர் ஆள் எடுப்பதைத் தள்ளிப்போடட்டும்.

தரை கழுவ எல்லாரும் பினாயில்தானே போடுகிறார்கள்?

பூனை இருக்கிற இடத்தில் போடவே கூடாது. பீனால் வகைப் பொருட்களைப் பூனையின் கல்லீரலால் சரியாக வெளியேற்ற முடியாது. தரையில் இருப்பது பாதத்தில் ஒட்டும், பாதத்தை அது நக்கும். ‘நல்லா வாசனையா இருக்கு’ என்று பிள்ளைகள் கூடவே ஒரு மூடி ஊற்றுவார்கள். எனவே அந்தப் பாட்டிலை வளாகத்துக்குள்ளேயே வைப்பதில்லை.

பார்வோ வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதற்கு பிளீச்சிங் திரவம்தான் சரி: ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர். முதலில் மலத்தை அள்ளி, சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, அதன் பிறகு பிளீச் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு அலச வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றினால் வேலை செய்யாது. பாத்ரூம் ஆசிட்டோடு அதைக் கலந்தால் விஷவாயு வரும் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

எலிக்காய்ச்சல் பயமும் இங்கே உண்டு. எலி மூத்திரமோ நோயுள்ள நாயின் மூத்திரமோ கலந்த மழைத் தண்ணீரில் வெறுங்காலோடு நடந்தால் வரலாம். கம்பூட் வாங்கிக் கொடுங்கள். கையில் வெட்டுக்காயம் இருக்கிற பிள்ளைக்கு அன்று கழுவும் வேலை வேண்டாம்.

சாப்பாடு, மருந்து விஷயத்தில் பிள்ளைகளை நம்பலாமா?

சாப்பாட்டில் நம்பலாம், விதி தெளிவாக இருந்தால். அந்தந்த நாய்க்கு அதன் வீட்டில் என்ன கொடுப்பார்களோ அதுதான் இங்கேயும். திடீரென்று மாற்றினால் பேதியாகும். பாசத்தில் ஒரு வாய் பிரியாணி கொடுப்பதுதான் பெரிய ஆபத்து. அதில் வெங்காயமும் பூண்டும் இருக்கும், நாய், பூனை இரண்டின் ரத்த அணுக்களையும் அது சிதைக்கும். வெந்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், ஆகவே சர்க்கரைப் பொங்கல், கேசரி, பாயசம் எதுவும் கூண்டுப் பக்கம் வரக் கூடாது. சாக்லேட்டும் அப்படியே. பிள்ளைகளின் சாப்பாட்டுப் பைகளை மாட்ட உயரமான ஆணி அடித்து வையுங்கள்.

மருந்து வேறு விஷயம். டாக்டர் எழுதிய சீட்டில் உள்ள மாத்திரையை, எழுதிய நேரத்தில், பெரியவர் ஒருவர் பார்க்கக் கொடுக்கலாம். தானாக ஒன்றும் கொடுக்கக் கூடாது. காய்ச்சலுக்கு நாம் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். ஊசி போடக் கற்றுக்கொடுங்கள் என்று சில பிள்ளைகள் கேட்பார்கள். அது கால்நடை மருத்துவரின் வேலை, அதற்கென்று 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டமே இருக்கிறது. நம் பக்கத்தில் வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரியும் மாதவரம் பால்பண்ணையில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆஸ்பத்திரியும் இருக்கும்போது கைமருத்துவத்துக்கு அவசியமும் இல்லை.

பூனை என்றால் வேலை குறைவுதானே?

சத்தம் குறைவு, அவ்வளவுதான். பூனை வலியை மறைக்கும். இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து ஆபத்தாகலாம், குண்டுப் பூனைகளுக்கு இன்னும் சீக்கிரம். கடுவன் பூனை மண்தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து ஒன்றும் வராமல் எழுந்தால் மூத்திரப்பாதை அடைத்திருக்கலாம். அது காலைவரை காத்திருக்கக் கூடிய விஷயம் இல்லை, நடுராத்திரியானாலும் என்னை எழுப்ப வேண்டும். நாய்ச் சத்தம் கேட்காத தனி அறை, ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி, வீட்டு வாசனையுள்ள பழைய துணி. மத்தி, சங்கரா வேகவைத்து முள்ளெடுத்துக் கொஞ்சம் வைத்தால் அடம்பிடிக்கும் பூனையும் வாய் வைக்கும். கண்ணும் பொறுமையும் உள்ள பிள்ளைகளை நான் முதலில் பூனை அறைக்குத்தான் அனுப்புவேன்.

பச்சைக்கிளி, நட்சத்திர ஆமை கொண்டுவந்தால்?

வாங்கக் கூடாது. இரண்டும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை, வீட்டில் வைத்திருப்பதே குற்றம். மரியாதையாக மறுக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். லவ் பேர்ட்ஸ், காக்கடீல் போன்ற கூண்டுப் பறவைகளை எடுப்பதாக இருந்தால், அந்த அறைப்பக்கம் நான்ஸ்டிக் சட்டியை அடுப்பில் காயவிடக் கூடாது. அந்தப் புகை பறவைகளைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும்.

கோடை, தீபாவளி, மழை: எந்தக் காலம் கஷ்டம்?

மூன்றுமே, வேறு வேறு விதத்தில். மே மாதம் பக், ஷிட்ஸு போன்ற சப்பை மூக்கு நாய்களை வெயில் ஏறிய பிறகு வெளியே எடுக்கவே கூடாது. புறங்கையைத் தரையில் வைத்துப் பார்த்து, நமக்குச் சுட்டால் நாய்க்கும் சுடும். நாயின் சாதாரணச் சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104ஐத் தாண்டிவிட்டு, நாக்கு கருஞ்சிவப்பாகி, தள்ளாடினால் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, ஃபேன் போட்டு, டாக்டருக்குப் போன் செய்துகொண்டே கிளம்ப வேண்டும். ஆனால் மே மாத மத்தியானம் மாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும். அதற்காக நிழலில் எப்போதும் ஒரு டிரம் நிறைய தண்ணீர் வையுங்கள்.

தீபாவளிக்குத்தான் கூட்டம் அதிகம். வெடிக்கு அரசு அனுமதித்த நேரம் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்றாலும் சத்தம் அதோடு நிற்பதில்லை. விடியும் முன்பே எல்லா நாயையும் வெளிக்குப் போகவைத்து உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும். அன்று புதுப் பிள்ளைகளைக் கதவுப் பக்கம் நிறுத்துவதில்லை. நடுங்குகிற நாயின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே அவர்களுக்கு அன்றைய வேலை, அதற்கும் முழுச் சம்பளம் உண்டு. பண்டிகை நாள் என்பதால் பேட்டாவும் துணியும் சேர்த்துக் கொடுங்கள்.

மழைக்கு: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் பல தெருக்களில் தண்ணீர் நாட்கணக்கில் நின்றது. போன் சார்ஜ் இல்லை, சிக்னல் இல்லை. உரிமையாளர்களின் எண்களைத் தாளில் எழுதி பிளாஸ்டிக் உறையில் வைப்பது, ஒவ்வொரு கழுத்திலும் பெயர் எழுதிய வில்லை, எந்த விலங்கு எந்த வரிசையில் மாடிக்குப் போகும் என்பது, இவற்றை வெயில் காலத்திலேயே ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

பெண்பிள்ளைகளை அனுப்பலாமா?

தாராளமாக. ராத்திரித் தங்கலுக்குத் தனி அறை, உள்தாழ்ப்பாள், தனிக் கழிப்பறை, கூட இன்னொரு பெண் இருக்கிறாரா என்று பெற்றோர் நேரில் வந்து பார்த்துக் கேட்க வேண்டும். கேட்டால் கோபப்படுகிற இடத்துக்கு அனுப்பாதீர்கள்.

தப்பு செய்தால் திட்டலாமா, சம்பளம் பிடிக்கலாமா?

இதைத்தான் போர்டிங் நடத்துகிறவர்கள் அதிகம் கேட்கிறார்கள், என் மனதுக்கு மிக நெருக்கமான கேள்வியும் இதுதான். கூடாது, இரண்டுமே கூடாது.

காரணம் சொல்கிறேன். நாயால் பேச முடியாது. அதற்கு என்ன நடந்தது என்பது அதைக் கவனித்துக்கொள்ளும் பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பிள்ளை திட்டுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டால் நாய்க்கு இருந்த ஒரே வாயும் போய்விட்டது. ‘அண்ணே, காலையில மாத்திரை குடுக்க மறந்துட்டேன்’ என்று பத்து மணிக்கு வந்து சொன்னால் டாக்டரைக் கேட்டுச் சரிசெய்யலாம். கொடுத்ததாக நோட்டில் எழுதிவிட்டால்? வலிப்பு நோய்க்கான மாத்திரையாக இருந்தால் ராத்திரி உயிரே போகலாம்.

அதனால் வந்து சொன்னவுடன் நாம் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை ‘சரி, சொன்னது நல்லது’ என்பதுதான். பிறகு சேர்ந்து சரிசெய்வோம். மறுநாள் அமைதியாக உட்கார்ந்து ஏன் நடந்தது என்று பேசுவோம். பெரும்பாலும் காரணம் நம் பக்கத்தில் இருக்கும்: ஒரே ஆளுக்கு அதிகக் கூண்டுகள், தூக்கமில்லாத ராத்திரி, வாயால் மட்டும் சொன்ன உத்தரவு. பொய் எழுதினால் மட்டும் கண்டிப்பாக இருப்போம். நாயை அடித்தால் அன்றே அனுப்பிவிடுவோம், அதற்கு இரண்டாவது வாய்ப்பு இல்லை. 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி விலங்கை வதைப்பது குற்றமும்கூட.

பயிற்சி என்றால் சம்பளம் இல்லையா?

முதல் நாளிலிருந்தே சம்பளம் கொடுக்க வேண்டும். ‘பழகுகிற பையன்தானே’ என்று சொல்லிக் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுப்பது அநியாயம். அரசின் தொழிற்பழகுநர் சட்டம் 1961ஆம் ஆண்டிலேயே வந்தது. ஆனால் நான்கு பேராவது வேலை செய்யும் இடம்தான் அதன்கீழ் ஆள் எடுக்க முடியும், எங்களைப் போன்ற பல சின்ன இடங்களுக்கு அது பொருந்தாது. பொருந்தவில்லை என்பதற்காகச் சும்மா வேலை வாங்கலாம் என்றாகிவிடாது. வேலை நேரம், வார விடுமுறை, சம்பளத் தேதி, கடிபட்டால் யார் செலவு என்பதை ஒரு தாளில் எழுதி, பெற்றோர் முன்னால் இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு அவர்களிடம் பணம் வாங்கும் இடங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

வேலை கற்றுக்கொண்டு பக்கத்துத் தெருவிலேயே போர்டிங் தொடங்கிவிட்டால்?

தொடங்கட்டும். எங்கள் வாடிக்கையாளர்களின் போன் எண்களை எடுத்துப் போகக் கூடாது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறோம், மற்றபடி கற்றது அவர்களுடையது. இடம் பார்க்கும்போது நானும் கூடப் போவேன்: மழைத்தண்ணீர் எதுவரை ஏறும், மேல்வீட்டுக்காரர் நாய்க்குச் சம்மதிப்பாரா, கதவுக்கு முன்னால் இன்னொரு கதவு வைக்க இடம் உண்டா என்று பார்ப்பதற்கு. தடுப்பூசி அட்டை இல்லாத நாயை எந்தப் பழக்கத்துக்காகவும் எடுக்கக் கூடாது என்று மட்டும் வாக்கு வாங்கிக்கொள்வேன். தீபாவளிக்கு எங்களிடம் இடம் நிறைந்துவிட்டால் வருகிறவர்களை முதலில் அனுப்புவது அவர்களிடம்தான்.